தண்ணிக்கு நாலு, பரீட்சைக்கு ரெண்டு

ஆவாரங்கோட்டையில் பழைய தண்ணீர்த் தொட்டியை இடித்துவிட்டு, அதே உயரத்தில், ஆனால் அதைப்போல இரண்டு பங்கு அகலத்தில் புதிய தொட்டி ஒன்றைக் கட்டி, மாலை போட்டு, தேங்காய் உடைத்து, வால்வைத் திறந்துவிட்ட அன்று காலையில், நான்கு பங்கு தண்ணீர் கொள்ள வேண்டிய அந்தத் தொட்டி இரண்டு பங்கிலேயே நிரம்பி, மிச்சத்தையெல்லாம் வழிகுழாய் வழியாகச் சாக்கடையில் கொட்டியது. அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்ற ஊர் ஜனம் கைதட்டியது. விரிசல் இல்லை, கசிவு இல்லை, மறுநாள் ஆளை இறக்கிப் பார்த்தபோது அடியில் கல்லோ மண்ணோ கிடக்கவும் இல்லை. தொட்டி நிறைந்துவிட்டது, அவ்வளவுதான். கட்டிய என்ஜினீயர் இரண்டு மடங்கு பிடிக்கும் என்றுதான் சொல்லியிருந்தார், இரண்டு மடங்கு பிடித்துவிட்டது, இதில் வாயைப் பிளக்க என்ன இருக்கிறது என்று எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அந்த ஊருக்குக் கூட்டுக்குடிநீர் முறைவைத்துத்தான் வரும். வருகிற அன்றைக்குப் பிடித்துவைத்தால் உண்டு. வழிந்தது வழிந்ததுதான், சாக்கடையோரத்துச் சீமைக் கருவேலமரங்கள் குடித்துக்கொள்ளும். அதனால் புதுத் தொட்டி வந்த பிறகும் தெருக்குழாய்களில் குடங்கள் வரிசையில் நின்றன, தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பெண்கள் வேலைக்கு நேரமாகிறதே என்று ஒரு கண்ணைக் குழாயிலும் ஒரு கண்ணைத் தெருவிலும் வைத்துக்கொண்டு நின்றார்கள், ஒருவரும் எதையும் கேட்கவில்லை.

கேட்டது ஒரே ஒருத்தி, அவளும் ஊர்க்காரி இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர் ஞானராஜின் மனைவி ரூபவதி, சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியின் சோதனைப் பிரிவில் தலை நரைக்கிற வரைக்கும் வேலை பார்த்தவள். மற்றவர்கள் எழுதி முடித்து, சரியாக இருக்கிறது என்று கொண்டுவருவதை வாங்கி, எங்கே தட்டினால் உடையும் என்று பார்ப்பதுதான் அந்த வேலை. எவ்வளவு பெரிய ஆள் வந்து எவ்வளவு பெரிய குரலில் சரி என்றாலும் “எங்கே, காட்டுங்க” என்பாள். இனிமேல் அதையும் மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி ஒருநாள் கம்பெனி அவளை அனுப்பிவிட்டது. கணவனுக்கு ஆவாரங்கோட்டைக்கு மாற்றலானபோது கூடவே வந்தவள், சும்மா இருக்கத் தெரியாமல், ரயில்வே குவார்ட்டர்ஸின் முன்னறையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் ஆரம்பித்தாள்.

தொட்டி ஏன் பாதியிலேயே நிறைந்தது என்பதை அந்த முன்னறையில்தான் அவள் கண்டுபிடித்தாள்.

ஊரில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றுதான், வெற்றிச்சிகரம் மேல்நிலைப் பள்ளி. அதன் கரஸ்பாண்டென்ட் நவநீதன் தாமே எழுதி, தாமே அச்சடித்த ‘சிகரம் வினாவங்கி’யைப் பிள்ளைகள் விடியலில் எழுந்து, குளிக்கிறபோதும் சாப்பிடுகிறபோதும் பஸ்ஸில் தொங்குகிறபோதும் ஒப்பித்துக்கொண்டே இருப்பார்கள். அதில் ஒரு மார்க் கேள்வி ஒன்று: உயரம் மாறாமல் ஓர் உருளையின் ஆரம் இருமடங்கானால் அதன் கொள்ளளவு எத்தனை மடங்காகும்? விடை, இரண்டு மடங்கு. தப்பு. அப்பட்டமான தப்பு. ஆனால் என்ஜினீயர் அதை ஒப்பித்தவர், சேர்மன் கோமதிநாயகம் ஒப்பித்தவர், வால்வு திறக்கிற அய்யாத்துரை ஒப்பித்தவர், பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார்களும் அங்கேயே படித்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்து அதையே ஒப்பிக்க வைக்கிறவர்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்த ஊர் இரண்டு மடங்கு என்றுதான் சொல்லும். அரசுப் பரீட்சையில் அந்தக் கேள்வி வந்துவிட்டால் பள்ளிக்கூடமே மொத்தமாக அந்த ஒரு மார்க்கை இழக்கும். பேப்பர் திருத்துகிற வெளியூர் வாத்தியார்களுக்குச் சிகரத்தின் மேல் வயிற்றெரிச்சல் என்று கரஸ்பாண்டென்ட் மைக்கில் சொல்வார், பெற்றோர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவார்கள்.

ரூபவதி பிள்ளைகளை உட்காரவைத்து, ஒரு டம்ளரையும், அதே உயரத்தில் அதைப்போல இரண்டு பங்கு அகலமான ஒரு சம்புடத்தையும் எடுத்து நடுவில் வைத்தாள். இரண்டு மடங்கா, எங்கே, காட்டுங்க என்றாள். ஒரு பையன் டம்ளர் நிறையத் தண்ணீர் மொண்டு ஊற்றினான். இரண்டாவது டம்ளரிலேயே சம்புடம் விளிம்பு தட்டி, மூன்றாவதைத் தரையில் கொட்டியது. அடுத்தவள் ஊற்றினாள், அதேதான். ரூபவதி கொட்டிக் கவிழ்த்துவிட்டுத் தானே ஊற்றினாள். ஒன்று போனது, இரண்டு போனது, மூன்றும் போனது, நான்காவதில் சம்புடம் நிறைந்தது. பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, மிஸ் பெரியவங்க, அதனால் அவங்களுக்குக் கூடக் கொள்ளும் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ரூபவதிக்கு வியப்பைவிட எரிச்சல்தான் முதலில் வந்தது. பாத்திரம் பாத்திரத்தின் அளவுக்கு இல்லாமல் ஊற்றுகிற ஆளின் நம்பிக்கைக்குத் தக்கபடி கொள்கிறது என்றால், இந்த ஊர் எத்தனை காலமாகப் பாதித் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்குப் பொறுக்கவில்லை.

அவள் அதோடு விடவில்லை. தரையில் சாக்பீஸால் சின்னதாக ஒரு சதுரமும், பக்கத்தில் பக்கங்கள் இருமடங்கான ஒரு சதுரமும் போட்டு, சின்னது பெரியதற்குள் எத்தனை முறை உட்காரும் என்று கேட்டாள். சங்கரேஸ்வரி என்ற பெண், தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் பேச்சித்தாயின் மகள், ஒரு காகிதத்தைச் சின்னச் சதுரத்தின் அளவுக்குக் கிழித்துப் பெரிய சதுரத்தின் நான்கு மூலைகளிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் குனிந்தே இருந்தாள்.

“இந்தப் பக்கமும் ரெண்டு பங்கு விரியுது, அந்தப் பக்கமும் ரெண்டு பங்கு விரியுது. அப்ப நாலுல்ல மிஸ்? வட்டமும் ரெண்டு பக்கமும்தான விரியும்?”

எழுந்து போய் டம்ளரை எடுத்தாள். அவள் ஊற்றியபோது மூன்றாவது டம்ளரும் உள்ளே போனது, நான்காவதும் போனது, ஒரு சொட்டு கீழே விழவில்லை. மற்ற பிள்ளைகளும் காகிதத்தை வைத்துப் பார்த்து நாலு என்றுதான் எண்ணினார்கள், ஆனால் பரீட்சையில் இரண்டு என்றுதானே எழுதணும் என்று ஒருவன் முணுமுணுத்ததும் எல்லோர் முகத்திலும் பயம் வந்துவிட்டது, அவர்கள் ஊற்றியதெல்லாம் பழையபடி இரண்டாவதிலேயே வழிந்தது.

இந்தச் செய்தி ஊருக்குள் போன விதத்தைச் சொல்ல வேண்டும். வினாவங்கியில் தப்பு இருக்கிறது என்று அது போகவில்லை. பேச்சித்தாய் மகளுக்குக் கைராசி என்று போனது. பெண்கள் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்து, கொஞ்சம் ஊத்திக் குடு தாயி என்று அவளை வீட்டுக்கு வீடு அழைத்துப்போனார்கள். இரண்டு குடத்துக்கே வழிகிற அகன்ற பாத்திரங்களில் அவள் கையால் நான்கு குடம் அடங்கியது. யாரோ அவளுக்குத் திருஷ்டி கழித்தார்கள், யாரோ கையில் கறுப்புக் கயிறு கட்டினார்கள், கைராசி குறைந்துவிடும் என்று அவளைப் பாகற்காய் சாப்பிடக் கூடாது என்றுகூட ஒரு வீட்டில் சொன்னார்கள். சங்கரேஸ்வரி ஒவ்வொரு வீட்டிலும் கரித்துண்டால் தரையில் சதுரம் போட்டுக்காட்டி, கைராசி இல்லை அத்தை, கணக்குத்தான், நீங்களே பாருங்க என்று சொல்லிப் பார்த்தாள். அவர்கள் பாசமாகக் கேட்டுக்கொண்டு, அடுத்த குடத்தை அவள் கையில் கொடுத்தார்கள்.

கடைசியில் சேர்மனுக்கும் யோசனை வந்தது, அவளையே தொட்டிக்கு வால்வு திறக்கச் சொன்னால் என்ன என்று. நானே திறக்கிறேன், எனக்கும் நாலுதான் கொள்ளும் என்று ரூபவதி முன்பே போய்ச் சொல்லியிருந்தாள். ரயில்வே தண்ணீர் குடிக்கிற வெளியூர் அம்மாவிடம் ஊர்த் தொட்டியைக் கொடுக்க முடியாது என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். சங்கரேஸ்வரி ஊர்ப் பிள்ளை. அய்யாத்துரை வால்வு வளையத்தைக் காட்டிக்கொடுக்க, அவள் இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாள்; வந்த தண்ணீர் முழுவதும் தொட்டிக்குள்ளேயே நின்றது, வழிகுழாய் காய்ந்து கிடந்தது, அடுத்த முறை வரைக்கும் நாள்தோறும் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரிய பிளெக்ஸ் வைத்தார்கள். கரஸ்பாண்டென்ட்டின் படம் பெரிதாக, சேர்மனின் படம் அதில் பாதியாக, அந்தப் பெண்ணின் படம் கீழே மூலையில் ஒரு ஸ்டாம்பு அளவுக்கு. தண்ணீர் தந்த வெற்றிச்சிகரத்துக்கு ஊர்மக்களின் நன்றி என்று எழுதியிருந்தது.

இதற்குள் மாதிரித் தேர்வு வந்தது, அந்தக் கேள்வியும் வந்தது, சங்கரேஸ்வரி நான்கு மடங்கு என்று எழுதினாள். வாத்தியார் சிவப்பு மையால் அடித்தார். அவள் எழுந்து நின்று, வினாவங்கியில் தப்பு இருக்குது சார், தொட்டியைப் பாருங்க என்றாள். அன்று சாயங்காலமே அவளுடைய அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார்கள். விடையை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதி வாத்தியாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் டி.சி. வாங்கிக்கொண்டு போகலாம். பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கிவிட்டது, இந்த நேரத்தில் டி.சி.யை வைத்துக்கொண்டு எந்தப் பள்ளிக்கூடத்து வாசலில் போய் நிற்பது? தெருவே பேச்சித்தாய்க்குப் புத்தி சொன்னது. ஊரே ஒரு சமாதானத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தது, டீக்கடையிலும் தீப்பெட்டி ஆபீசிலும் குழாயடியிலும் அதையே சொன்னார்கள்: தண்ணிக்கு நாலு, பரீட்சைக்கு ரெண்டு. இரண்டும் அதது இடத்தில் இருந்துவிட்டுப் போகட்டுமே, ஒன்றோடு ஒன்றை ஏன் முட்டவிட வேண்டும் என்று கேட்டார்கள். அந்தப் பெண் திறந்துவிட்ட தண்ணீரில் காப்பி போட்டுக் குடித்துக்கொண்டே கேட்டார்கள்.

ரூபவதி நேராகக் கரஸ்பாண்டென்ட்டின் அறைக்குப் போனாள். அவர் மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். அவர் மேசைமேல் உருளை வடிவக் கண்ணாடித் தொட்டி ஒன்றில் தங்கமீன்கள் வளர்த்தார். அன்றைக்குத் தண்ணீர் மாற்றுகிற நாள், மீன்கள் பக்கத்தில் ஒரு வாளியில் கிடந்தன, கண்ணாடித் தொட்டி காலியாக இருந்தது. மீன் காரியத்தை மட்டும் அவர் பியூனிடம் விடுவதில்லை. தொட்டியின் உயரமே இருந்த, அதில் பாதி அகலமான ஒரு கண்ணாடிக் குவளையில் மொண்டு, பேச்சு வாக்கில் தாமே ஊற்றிக்கொண்டிருந்தார். ஒழுங்கு, கட்டுப்பாடு, பெற்றோர்களின் நம்பிக்கை என்று அவர் அடுக்கிக்கொண்டே போக, ரூபவதியின் கண் பழக்கதோஷத்தில் குவளையை எண்ணியது. இரண்டு போயிற்று. தொட்டி வழியவில்லை. மூன்றாவது போயிற்று. நான்காவதும் உள்ளே போய், தண்ணீர் விளிம்புக்கு வந்து அழகாக நின்றது.

“உங்களுக்குத் தெரியும்” என்றாள் அவள்.

அவர் தொட்டியைப் பார்த்தார், குவளையைப் பார்த்தார், மறைக்கவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் முதல் பதிப்பு வந்தபோதே தெரியும் என்றார். அதற்குள் புத்தகம் வீடு வீடாகப் போய்விட்டது, ஊரெல்லாம் போர்டு வைத்தாயிற்று, திருத்தினால் பெயர் என்னாவது?

“ஒண்ணு தப்புன்னு ஒத்துக்கிட்டா, மிச்சம் எல்லாத்தையும் காட்டு காட்டுன்னு நிப்பாங்க மேடம். அப்புறம் ஸ்கூல் நடத்த முடியாது.”

தெரியாமல் தப்புச் சொன்னவர்கள் எத்தனையோ பேரை ரூபவதி பார்த்திருக்கிறாள், திருத்தியிருக்கிறாள், சேர்ந்து டீ குடித்திருக்கிறாள். இந்த மனுஷன் தன் மீன்களுக்கு முழுத் தண்ணீரும் ஊருக்குப் பாதித் தண்ணீருமாக முப்பது வருஷம் ஓட்டியிருக்கிறான். அவன் பெயர் கெடக்கூடாது என்பதற்காக ஒரு பெண்பிள்ளை தன் கண்ணால் பார்த்ததைத் தன் கையாலேயே அடிக்க வேண்டும். வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் அவள் வெளியே வந்தாள். அவர் மீன்களை ஒவ்வொன்றாகத் தொட்டிக்குள் விட்டுக்கொண்டிருந்தார்.

அவளால் தடுக்க முடியவில்லை. பேச்சித்தாய், மகளின் காலைத் தொட்டுக் கும்பிடாத குறையாக அழுதாள். மறுநாள் சங்கரேஸ்வரி வாத்தியார்கள் சுற்றி நிற்க நான்கு என்பதை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினாள். டியூஷனுக்கு வந்தவள் சதுரத்தையும் காகிதத்தையும் எடுத்து மறுபடியும் வைத்து வைத்துப் பார்த்தாள், பிறகு ரூபவதியை நிமிர்ந்து பார்த்து, இத்தனை பேர் சொல்லுதாக மிஸ், நான்தான் தப்பா எண்ணிட்டேனோ என்று கேட்டாள். பயந்து எழுதுகிறவர்கள் எழுதியதை நம்பத் தொடங்கிவிடுகிறார்கள். பயமுறுத்தி எழுதவைக்கிறவர்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது.

அடுத்த முறைத் தண்ணீர் வந்த காலையில் சங்கரேஸ்வரி வழக்கம்போல வால்வைத் திருகினாள், தொட்டி இரண்டு பங்கிலேயே நிரம்பி, வழிகுழாய் சாக்கடைக்குள் கொட்டத் தொடங்கியது. குடங்களோடு நின்ற பெண்கள் முதலில் பரிதாபப்பட்டார்கள், பிறகு எரிந்துவிழுந்தார்கள். பிள்ளை வேண்டுமென்றே செய்கிறாள் என்றார் ஒருவர். தலைக்கனம் வந்துவிட்டது, கைராசி போய்விட்டது என்றார் இன்னொருவர். அந்தப் பெண் வால்வின் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள், அவள் அம்மா குடத்தோடு வரிசையில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சேர்மன் ரூபவதிக்கு ஆள் அனுப்பினார். ரயில்வே தண்ணீர் குடிப்பதெல்லாம் அன்றைக்கு ஒரு குற்றமாக இல்லை. மேடம்தான் வந்து திறந்துவிட வேண்டும் என்றார்கள்.

அவள் வந்து வால்வைத் தொடாமல் நின்றாள். தான் திறந்தால் இன்றைக்குத் தண்ணீர் நிற்கும், அப்புறமும் அந்தப் பெண்தான் தப்பு என்றே இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது.

“கரஸ்பாண்டென்ட் சாரைக் கூப்பிடுங்க. அவர் கையால் திறந்தா நாலு பங்கும் நிக்கும்.”

பெரிய மனுஷரையா வால்வு திறக்கச் சொல்வது என்று சேர்மன் தயங்கினார். பெண்கள் தயங்கவில்லை, அவர் நமக்குப் படிப்புத் தந்தவர், தண்ணீரும் தருவார் என்று நாலு பேர் போய்க் கையோடு அழைத்துவந்துவிட்டார்கள். நவநீதன் வெள்ளை வேட்டி சட்டையில், தோளில் துண்டோடு, சிரித்துக்கொண்டேதான் வந்தார். அவருக்கு ஒரு கணக்கு இருந்தது: ஊரையே சேர்ந்து சொல்லவைத்து, தன் கையிலும் இரண்டில் வழிந்துவிட்டால் அன்றோடு இந்த ஸ்டேஷன் மாஸ்டர் பொண்டாட்டியின் வாய் அடங்கும். அய்யாத்துரை தண்ணீரை நிறுத்தி, தொட்டியைத் தெருக்களுக்குத் திறந்து காலியாக்கினார். கரஸ்பாண்டென்ட் வளையத்தைப் பிடித்துத் திருகிவிட்டு, பிரார்த்தனைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல உரக்கச் சொல்லத் தொடங்கினார்: இரண்டு மடங்கு, இரண்டு மடங்கு. கூட்டமும் சேர்ந்து சொன்னது. கிழவர்கள் சொன்னார்கள், கைப்பிள்ளைக்காரிகள் சொன்னார்கள், யூனிபாரத்தில் வந்திருந்த பிள்ளைகள் கைகட்டிக்கொண்டு சொன்னார்கள், இரண்டு மடங்கு, இரண்டு மடங்கு என்று ஊரே ஒரே குரலாக, அத்தனை தலையும் வழிகுழாயையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு. வழக்கமாக வழிகிற நேரம் வந்தது. குழாய் காய்ந்தே இருந்தது. கூட்டத்தின் குரல் ஒவ்வொன்றாக நின்றது. அவர் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார், கழுத்து நரம்பு புடைக்கச் சொன்னார், கண்ணை மூடிக்கொண்டு சொன்னார், தண்ணீர் ஏறிக்கொண்டே போனது, மூன்று பங்குக்கு ஏறியது, அதற்கும் மேலே ஏறியது. அத்தனை வருஷத்துப் பொய்யையும் அவர் வாய்தான் சொல்லியிருந்தது, அவர் ஒருநாளும் நம்பியதில்லை. நான்காம் பங்கும் உள்ளே அடங்கி, வந்த தண்ணீர் முழுவதும் நின்றபோது ஒரு சொட்டும் வெளியே வரவில்லை. யாரும் கைதட்டவும் இல்லை.

பேச்சித்தாய் வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

“அப்ப ஒமக்கு நாலுன்னு தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுக்கிட்டுத்தான் எம்மவள அடிச்சு எழுதச் சொன்னீரா?”

அவர் சேர்மனைப் பார்த்தார். சேர்மன் தொட்டியைப் பார்த்தார். இது வேற, அது வேறம்மா, பரீட்சைக்கு என்று கரஸ்பாண்டென்ட் ஏதோ தொடங்கினார். அவர் முடிப்பதற்குள் சங்கரேஸ்வரி எதிரில் வந்து நின்றாள். அவள் குரல் முதல் வார்த்தையில் கொஞ்சம் உடைந்தது, அப்புறம் உடையவில்லை.

“சார், என் பேப்பரக் குடுங்க. ரெண்ட அடிச்சிட்டு நாலுன்னு எழுதணும்.”

பேப்பர் ஸ்கூலில் இருக்கிறது, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

“இப்பவே போவோம்” என்றாள் பேச்சித்தாய், தன் குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவள் தன் குடத்தை வைத்தாள், அதற்குப் பின்னால் நின்றவளும் வைத்தாள். அய்யாத்துரை திறந்துவிட்ட தண்ணீர் தெருக்குழாயில் வந்துகொண்டிருந்தது, ஆவாரங்கோட்டையின் பெண்கள் வரிசையில் நின்ற அத்தனை குடங்களையும் அப்படியே விட்டுவிட்டு, கரஸ்பாண்டென்ட்டை நடுவில் விட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தைப் பார்த்து நடந்தார்கள்.